பின்னால் நான்கு சக்கரம்: பிக்கப்பை டூலியாக மாற்றுவது

ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரோலே சில்வராடோ 3500 போன்ற அமெரிக்கக் கனரகப் பிக்கப் வண்டிகள் இரண்டு வகையாக விற்கப்படுகின்றன. ஒன்றில் பின் ஆக்சிலின் இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம். மற்றதில், லாரிக்கு இருப்பதுபோல, பக்கத்துக்கு இரண்டு. இந்த இரண்டாம் வகையை அங்கே ‘டூலி’ என்பார்கள். ஒற்றைச் சக்கர வண்டி வைத்திருப்பவர் குதிரை டிரெய்லரோ பெரிய கேம்பர் டிரெய்லரோ வாங்கியதும், கையில் இருக்கும் வண்டியையே டூலியாக்கிவிடலாமே என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்.

கணக்கில் நியாயம் இருக்கிறது. இந்தப் பெரிய டிரெய்லர்கள் வண்டியின் வாலில் மாட்டப்படுவதில்லை. சரக்குத் தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே உள்ள கொக்கியில் அமர்கின்றன. டிரெய்லர் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை அந்தக் கொக்கியில் இறங்கும். 6,000 கிலோ டிரெய்லர் என்றால் குறைந்தது 900 கிலோ. நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடித்தாலோ பெரிய லாரி ஒன்று கடந்து போனாலோ ஒற்றைச் சக்கர வண்டி ஆடும். அகலக் கால் ஊன்றிய டூலி அவ்வளவு ஆடாது. ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் வண்டியைத் தாங்கி ஓரங்கட்ட அவகாசம் தரும்.

சுமைக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்டி 235/85 ஆர்16 அளவு டயரின் பக்கவாட்டில் 120/116 என்று அச்சிட்டிருந்தால், அது தனியாக ஓடும்போது 1,400 கிலோவும் ஜோடியாக ஓடும்போது 1,250 கிலோவும் தாங்கும் என்று பொருள். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால் ஜோடி டயர்கள் சுமையைச் சரிபாதியாகப் பங்கிடுவதில்லை. அதனால்தான் இந்தக் குறைப்பு. அப்படியும் இரண்டு டயர்கள் 2,800 கிலோ தாங்கிய இடத்தில் நான்கு டயர்கள் 5,000 கிலோ தாங்கும். ஆனால் அது டயரின் கணக்கு மட்டுமே. ஆக்சில், பேரிங், ஸ்பிரிங், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவை என்றால், எது முதலில் சோர்ந்துபோகுமோ அதுதான் வண்டியின் உண்மையான தாங்குதிறன்.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. எளியது அடாப்டர். 2005-க்குப் பிந்தைய எஃப்-350-ல் ஒற்றைச் சக்கரத்துக்கு 170 மில்லிமீட்டர் வட்டத்தில் எட்டு போல்ட். டூலிக்கு 200 மில்லிமீட்டர் வட்டத்தில் எட்டு. ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறாது. தடித்த உலோக வளையம் ஒன்றைப் பழைய ஹப்பில் முடுக்கி, அதன்மேல் டூலிச் சக்கரங்களை மாட்டுகிறார்கள். முன்பக்கத்துக்கும் அடாப்டர் வேண்டும். டூலியின் சக்கரம் ஆழமான கிண்ணம்போல இருக்கும். முன்னால் அதன் வயிறு வெளியே புடைக்கும், பின்னால் வெளிச்சக்கரத்தில் உள்ளே குழியும். ஆறும் ஒரே வார்ப்பாக இருந்தால்தான் ஒரே ஸ்டெப்னி எல்லா இடத்துக்கும் உதவும்.

உழைக்கிற வண்டிக்கு இரண்டாவது வழியே நம்பகமானது: விபத்தில் சிக்கிய டூலி ஒன்றிலிருந்து பின் ஆக்சிலை முழுதாகக் கழற்றி மாட்டுவது. இதிலும் பொறிகள் உண்டு. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் ஆக்சிலின் பல்சக்கர விகிதம் 3.73 ஆக இருக்க, பின்னால் 4.10 மாட்டினால், இறுகிய சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இரு ஆக்சிலுக்கும் விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பதம்பார்த்துவிடும். எஃப்-150 போன்ற இலகு வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டே எடையையும் சுமக்கிறது. அவற்றில் இரட்டைச் சக்கரத்தை நினைக்கவே கூடாது.

வெளிச்சக்கரம் உடம்பைத் தாண்டி நீட்டும். ஃபைபர் மட்கார்டு ஒட்டலாம், அல்லது டூலித் தொட்டியையே மாற்றலாம். எப்படிச் செய்தாலும் சுமார் 2 மீட்டர் அகலம் 2.4 மீட்டரை எட்டுகிறது. அமெரிக்கச் சட்டப்படி 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள வண்டிக்கு அகலம் காட்டும் விளக்குகள் வேண்டும். டூலியின் கூரை முகப்பில் தெரியும் ஆரஞ்சு விளக்குகள் வெறும் அலங்காரமல்ல.

ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எடை வரம்பு, வீட்டுப் பட்டறையில் செய்த மாற்றத்தால் ஒரு கிலோகூட உயராது. கூடுதல் இரும்பின் எடை அந்த வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால், ஏற்றக்கூடிய சரக்கு காகிதத்தில் குறைந்தே போகிறது. ஆட்டம் குறைவதுதான் நிச்சயமான ஆதாயம். டயர், சக்கரம், ஆக்சில், மட்கார்டு என்று கூட்டிப் பார்த்தால், இருப்பதை விற்றுவிட்டு பழைய டூலி ஒன்றை வாங்குவது பல சமயம் மலிவாக முடியும்.

மாற்றியபின் வேலை ஓயாது. முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். ஜோடி டயர்களின் விட்டத்தில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் பெரியது சுமையை ஏற்க, சின்னது சாலையில் தேயும். உள் டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. வால்வுக்கு நீட்டுக்குழாய் போட்டு அழுத்தமானியால் அளக்க வேண்டும். சரளைச் சாலையில் போய் வந்தால் இரு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் அந்த வேலையில் சேரும்.