காம்பைப் பார்த்தால் வயது தெரியும்

பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய விசிறி ஏதும் அகப்பட்டால், ராஜபாளையத்தில் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். சந்தன விசிறியாக இருந்தால் பட்டுத்துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். பனையோலை விசிறி என்றால், நான் போவதற்குள் வெந்நீர் அடுப்புக்குள் போயிருக்கும். எனக்கு மனசு ஆறாதது அந்த ஓலை விசிறிக்குத்தான்.

ஓலை விசிறியின் வயதை ஓலையில் தேடக் கூடாது. ஒரே கோடையில் அது பழுப்பேறிவிடும். காம்பைத்தான் பார்க்க வேண்டும். ஓலையை மட்டையோடு வெட்டி, விரித்துக் காயவைத்து, பாரம் ஏற்றிப் படியவிட்டு, வட்டமாக நறுக்கி, விளிம்பில் மூங்கில் சிம்பு வைத்து நாரால் கட்டுவார்கள். மட்டையின் இருபுறமும் கையைக் கிழிக்கும் கருக்கு இருக்கும். அதைச் சீவினால்தான் பிடி. பல வருஷம் புழங்கிய பிடியில் அந்தக் கத்தி வெட்டு மழுங்கி, கைபட்ட இடம் மட்டும் மினுங்கும். கட்டைவிரல் பதியும் இடம் லேசாகக் குழிந்திருக்கும். பழசாகக் காட்டச் சாயம் பூசியதென்றால் பிடி முழுக்க ஒரே நிறம்.

அடுத்தது விளிம்பு. நைலான் 1938இல்தான் உலகுக்கு அறிமுகமானது. கட்டு நைலான் நூலாக இருந்தால் அந்தக் கட்டு அதற்குப் பிந்தியது. விசிறியே பிந்தியது என்று அவசரப்பட வேண்டாம். பழைய ஊசித்துளைகள் காலியாகத் தெரிந்தால், நார் அறுந்து யாரோ மறுகட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் புகையேறி முனை கருகியிருந்தால், அது கரியடுப்பில் உழைத்த விசிறி.

ஓலை விசிறி போக, இனி மடக்கு விசிறி. அது ஜப்பானில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மூலம் ஐரோப்பாவுக்குப் போனது. சந்தனமா என்று பார்க்க மூக்கை மட்டும் நம்பாதீர்கள், வேறு மரத்தில் எண்ணெய் தடவியும் விற்பார்கள். மடக்கு விசிறியில் வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தந்தத்தின் வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி ஓடும். எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் இருக்கும். செல்லுலாய்டில் கோடுகள் ஒரே சீராக, இணையாக இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கவே கூடாது, செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். தந்தம் என்று தெரிந்தால், பாட்டி சொத்தானாலும் அதை விற்கச் சட்டம் இடம் தராது. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் விடாது.

நூறு வருஷத்து ஓலை விசிறி நம் பக்கத்தில் அபூர்வம். அதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்கிளியை இலையும் பூவும் கொண்டு தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். வாடுகிற பொருளை வாடவிட்டு மறுபடி செய்வது இந்த மண்ணில் ஊறிய வழக்கம். விசிறியும் அப்படித்தான், கோடைக்குக் கோடை புதுசு. பொருள் தங்கவில்லையே தவிர, மரியாதை தங்கியிருக்கிறது. காசியாத்திரை புறப்படும் மாப்பிள்ளை கையில் குடையோடும் தடியோடும் விசிறி இருக்கும். ராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் என்னும் விசிறி வீசுவதையே தொண்டாகக் கொண்டவர். அதற்கும் வெகுகாலம் முன்பு, முரசு வைக்கும் கட்டிலில் அயர்ந்து தூங்கிய புலவர் மோசிகீரனாருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தானே நின்று விசிறியதைப் புறநானூறு சொல்கிறது.

ஓவியர் ஜதின் தாஸ் ஆயிரக்கணக்கில் கைவிசிறிகளைச் சேர்த்தார். லண்டன் கிரீனிச்சில் விசிறிக்கென்றே 1991இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், வீட்டுக்கு ஒன்று தப்பினால் போதும். ஈரத்துணி போடாமல் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, பருத்தித் துணியில் தளரச் சுற்றிப் படுக்கை வசமாக வையுங்கள். யார் வைத்திருந்தது, எந்த ஊரில் வாங்கியது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாத விசிறி எந்த ஊர்க்காரர் கட்டியது என்பதைக் காம்பையும் விளிம்பையும் எவ்வளவு நேரம் திருப்பிப் பார்த்தாலும் என்னால் சொல்ல முடிவதில்லை.