கெர்னல் கைவைக்காத நிலம்

ஆவடியில் பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ரிச்சி தெருவில் ராஸ்பெர்ரி பை 3 போர்டு ஒன்று வாங்கினாராம். டப்பாவில் 1 ஜிபி ரேம் என்று போட்டிருக்கிறது. லினக்ஸைக் கேட்டால் 900 சொச்சம் எம்பிதான் கணக்குக் காட்டுகிறது. மீதி எங்கே போயிற்று, கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா என்பது அவர் சந்தேகம்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்த போர்டுக்கு மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழிப்பது அதன் கிராஃபிக்ஸ் பகுதி. ஆர்ம் செயலி அதற்குப் பிறகுதான் எழுகிறது. கிராஃபிக்ஸ் பகுதியின் ஃபர்ம்வேர் தனக்கென்று ஒரு பங்கை, வழக்கமாக 76 எம்பி, எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் லினக்ஸுக்குக் காட்டுகிறது. அதன்பின் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் சொந்தச் செலவை எடுக்கும். நினைவகத்தை அது 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு பதிவு வைத்துக்கொள்கிறது. 64 பிட் கெர்னலில் பதிவு ஒன்றுக்கு 64 பைட். 1 ஜிபியில் 2,62,144 பக்கங்கள். பதிவுகளுக்கு மட்டுமே 16 எம்பி. கெர்னலின் நிரல் தனி.

கேள்விக்கு இவ்வளவு பதில் போதும். ஆனால் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனம் அதை ஒட்டிய இன்னொரு விஷயத்திலேயே நிற்கிறது. ஒதுக்கிய இடத்தை ‘இது ஒதுக்கியது’ என்று யார், எங்கே எழுதி வைக்கிறார்கள்?

மேசைக் கணினி தன் உறுப்புகளில் பெரும்பாலானவற்றைத் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளும். செட்டாப் பாக்ஸ், கார் டாஷ்போர்டு, கண்காணிப்பு கேமரா போன்றவற்றுக்குள் இருக்கும் சிப்புகளில் அப்படி விசாரிக்க வழியில்லை. எந்த முகவரியில் எது இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் குறிப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். சன் நிறுவனத்தின் கணினிகளில் தொடங்கி, 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாகி, பவர்பிசி வழியாக லினக்ஸுக்கு வந்தது. ஆர்ம் உலகம் வெகுநாள் இதைக் கண்டுகொள்ளவில்லை. போர்டுக்கு ஒரு சி நிரல் என்று கெர்னலுக்குள் குவித்துக்கொண்டே போனார்கள். 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து எல்லார் முன்னாலும் சீறிய பிறகு ஆர்மும் இந்த வழிக்கு வந்தது. டிவைஸ் ட்ரீயில் ‘ரிசர்வ்டு மெமரி’ என்று ஒரு கிளை இருக்கிறது. அதற்கு இன்றைய பொது வடிவம் கிடைத்தது 2014-இல், லினக்ஸ் 3.15-இல்.

நான் குமணன்சாவடிக்காரன். எங்கள் பக்கம் செம்பரம்பாக்கம், போரூர், அயனம்பாக்கம் என்று ஏரிகளுக்குக் குறைவில்லை. தண்ணீர் வற்றிய மாதங்களில் ஏரி வெறும் பொட்டல். சின்ன வயதில் நாங்கள் கிரிக்கெட் ஆடியது அதற்குள்தான். மாடுகள் மேய்ந்ததும் அதற்குள்தான். மே மாதம் வரும் வெளியூர்க்காரர் காலி மனை என்றே நினைப்பார். அது ஏரி என்று சொல்ல அப்போது இருக்கும் ஒரே சாட்சி, கிராமக் கணக்கில் உள்ள ‘ஏரிப் புறம்போக்கு’ என்ற பதிவு. ரிசர்வ்டு மெமரி கிளையில் எழுதுவதும் அதே மாதிரிப் பதிவுதான்: இந்த முகவரி தொடங்கி இத்தனை பைட் வரை இன்னாருக்கு உரியது. பதிவு இல்லாவிட்டால் கெர்னல் அந்த இடத்தைக் கேட்கிற நிரலுக்கெல்லாம் பட்டா போட்டுக் கொடுத்துவிடும். கொடுக்கும்போது ஒரு கெடுதலும் தெரியாது. தண்ணீர் வரும்போதுதான் தெரியும்.

ஒதுக்கீட்டில் முக்கியமாக இரண்டு வகை. வற்றிய ஏரியில் கிரிக்கெட் ஆடலாம், மழை வந்தால் எழுந்துவிட வேண்டும் என்பது ஒரு வகை. டிவைஸ் ட்ரீயில் அதற்கு ‘ரீயூசபிள்’ என்று குறிப்பு எழுதுவார்கள். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்துக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம் 8 எம்பி வேண்டும். எளிய கேமரா சிப்புகளுக்கு அந்த 8 எம்பி இடைவெளியில்லாமல் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பல நாள் ஓடிய கணினியில் அவ்வளவு நீளமான காலியிடம் கிடைப்பது கஷ்டம். அதனால் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, கேமரா சும்மா இருக்கும் நேரத்தில், கேட்டதும் வேறிடம் நகர்த்தக்கூடிய பக்கங்களை மட்டும் அங்கே குடிவைக்கிறார்கள். சிஎம்ஏ என்ற இந்த ஏற்பாட்டை உருவாக்கியதில் சாம்சங் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு. 2012-இல் லினக்ஸ் 3.5-இல் சேர்ந்தது.

இரண்டாவது வகைக்கு ‘நோ-மேப்’ என்று பெயர். கெர்னல் அந்த இடத்தைத் தன் முகவரி வரைபடத்திலேயே சேர்க்கக் கூடாது. ‘பயன்படுத்தாமல் இருந்தால் போதாதா, வரைபடத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று தோன்றும். போதாது. இன்றைய செயலிகள் அடுத்து எது தேவைப்படும் என்று ஊகித்து, நிரல் கேட்காத முகவரிகளையும் முன்கூட்டியே படித்து வைக்கும். அந்த முகவரி, கைரேகையும் சாவிகளும் காக்கும் பாதுகாப்பு ஃபர்ம்வேருக்கு உரியதாக இருந்தால், வன்பொருள் காவல் அந்தப் படிப்பைத் தடுக்கும். இயந்திரம் அங்கேயே முடங்கவும் கூடும். எந்த நிரலும் குற்றம் செய்திருக்காது. இந்த மாதிரிப் பிழையைத் தேடி வாரக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது வகைக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் அமைந்தவை. 2018-இல் அவர்களுடைய ஒரு சிப் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்க்கப்பட்டு வந்து லினக்ஸை ஓட்டியது. அடுத்தது சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள நம் செமிகண்டக்டர் லேபரட்டரியிலேயே வார்க்கப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் உலகில் லினக்ஸுக்கு அடியில், அதைவிட அதிக அதிகாரத்தோடு ஒரு சின்ன ஃபர்ம்வேர் ஓடும். ஓப்பன்எஸ்பிஐ என்பது பரவலாகப் புழங்கும் ஒன்று. அது பெரும்பாலும் நினைவகத்தின் தொடக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தான் இருக்கும் இடத்தைச் சிப்பின் காவல் பதிவேடுகளால் பூட்டிவிடும். பிறகு டிவைஸ் ட்ரீயின் ரிசர்வ்டு மெமரி கிளையில் தன் இடத்தைத் தானே எழுதிச் சேர்த்து, அதன் பிறகே கெர்னலை எழுப்பும். பூட்டும் போட்டு, கணக்கிலும் எழுதிக் கொடுக்கும் இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் இந்தக் கிளையில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிரியமான பதிவு வேறொன்று. அதற்கு ‘ராம்ஊப்ஸ்’ என்று பெயர். 2010 வாக்கில் லினக்ஸில் சேர்ந்தது. கெர்னல் சரிந்து விழும் நேரத்தில், கடைசியாக என்ன நடந்தது என்பதை எழுதி வைப்பதற்காக ஒதுக்கிய துண்டு நிலம் அது.

ஏன் ரேமில் எழுத வேண்டும், எஸ்டி கார்டில் எழுதலாமே என்று கேட்கலாம். விழுந்துகொண்டிருக்கும் கெர்னலை நம்பி கோப்பு அமைப்பை ஒப்படைக்க முடியாது. கார்டில் உள்ள மற்ற கோப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். ரேமில் எழுத எந்தத் துணையும் வேண்டாம், முகவரி தெரிந்தால் போதும். ஆனால் ரேம் என்பது மறுதொடக்கத்தில் அழிந்துபோகுமே?

அதுதான் விந்தை. அழிவதில்லை, உடனே அழிவதில்லை. ரேமாக இருக்கும் டிராம் சிப்பில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசியும் என்பதால் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும் என்று தரவிதி சொல்கிறது. அந்த 64 மிகவும் பலவீனமான பிட்டை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு. பெரும்பாலான பிட்டுகள் புதுப்பிக்காமலே நொடிக்கணக்கில் தாங்கும். 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து சிப்பை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பத்து நிமிடம் கழித்தும் 1 சதவீத பிட்டுகூடக் கெடவில்லை. அவர்கள் அதைக் காட்டியது, ரகசியச் சாவிகளைத் திருட முடியும் என்று எச்சரிக்க. ராம்ஊப்ஸ் அதே குணத்தை நல்லதுக்குப் பயன்படுத்துகிறது. மின்சாரம் போகாமல் இயந்திரம் மறுதொடக்கம் ஆகும்போது, நடுவில் புதுப்பித்தல் நிற்பது ஒரு சிறு பொழுதுதான்.

அப்படியும் சில பிட்டுகள் உதிரலாம், குறிப்பாகச் சூட்டில். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு வேகத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. கத்திரி வெயிலில் நம் சாலையோரக் கம்பத்து இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ராம்ஊப்ஸ் தான் எழுதுவதோடு ரீட்-சாலமன் திருத்தக் குறிகளையும் சேர்த்து வைக்கலாம். டீக்கடையில் ஒட்டிய க்யூஆர் கோடு கொஞ்சம் கறைபட்டாலும் போன் படித்துவிடுகிறதே, அதே கணிதம். மறுதொடக்கத்துக்குப் பின் கோப்பைத் திறந்தால், எத்தனை பைட் திருத்தப்பட்டது, எத்தனை துண்டு மீட்க முடியாமல் போனது என்பதுகூட அதன் கடைசியில் எழுதியிருக்கும். ஒரு இயந்திரம் தன் சாட்சியத்தில் எது நிச்சயம், எது சிதைந்தது என்று தானே பிரித்துச் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இத்தனைக்கும் இந்த வசதி கேட்பது 1 எம்பி, அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். நம்மூரில் விற்கும் எத்தனையோ பெட்டிகளில் அந்த 1 எம்பியை யாரும் ஒதுக்குவதில்லை. பெட்டி தொங்கினால் ஆள் போய் பிளக்கைப் பிடுங்கிச் சொருகுகிறார். மறுபடி ஓடுகிறது, வேலை முடிந்தது. மறுமாதம் அதே பெட்டி தொங்குகிறது. ஏன் என்று சொல்ல அதனிடம் ஒரு வரிகூட இல்லை. பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் இருந்த சாட்சியையும் அழித்துவிடுகிறது.

ஒதுக்கியிருப்பதை அழிப்பவர்களும் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் இதைப் பார்த்தேன். கேமரா போர்டில் 256 எம்பிதான் ரேம். டிவைஸ் ட்ரீயில் ஒரு பதிவு 30 எம்பியைப் பிடித்து வைத்திருந்தது. எதற்கு என்று ஒரு வரி விளக்கம் இல்லை. இளம் பொறியாளர் அதை நீக்கிவிட்டார். போர்டு நன்றாகவே எழுந்தது, பல நாள் ஓடவும் செய்தது. நினைவகம் நிரம்பிய ஒரு நாளில் கெர்னல் அந்த 30 எம்பிக்குள் குடியேறியது. வீடியோவைச் சுருக்கும் துணைச்செயலி தன் இடம் என்று நம்பி அதே முகவரியில் எழுதிக்கொண்டிருந்தது. படம் கிழிந்தது, கோப்புகள் கெட்டன. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணை மட்டும் எழுதிக் காரணத்தை எழுதாமல் விட்ட சிப் விற்பனையாளரைத்தான் சொல்வேன். பல விற்பனையாளர்கள் கெர்னலின் மூலநிரலைக் கேட்டாலும் தருவதில்லை. உரிமப்படி தந்தாக வேண்டும். நல்ல நிலையில் உள்ள போன்களும் செட்டாப் பாக்ஸ்களும் இரண்டாம் வாழ்க்கை இல்லாமல் குப்பைக்குப் போக இதுவும் ஒரு காரணம். அவற்றில் எந்த நிலம் யாருக்குரியது என்ற கணக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு பதிவுக்கு ஒரு வரிக் காரணம் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ராம்ஊப்ஸ் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. முகவரி நிலையானதாக இருக்க வேண்டும். விழுவதற்கு முன்னும் எழுந்த பின்னும் கெர்னல் ஒரே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கெர்னலை எழுப்பும் பூட்லோடர் தன்னை ஏற்றிக்கொள்ளும் இடத்தையும், ரேமைச் சோதிக்கிறேன் என்று எழுதிப் பார்க்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். கெர்னலுக்கு ‘பேனிக்’ அமைப்பில் 10 என்று கொடுத்தால், சரிந்து பத்து நொடியில் அது தானே மறுதொடக்கம் செய்யும், யாரும் பிளக்கைத் தொட வேண்டியிருக்காது. சிஸ்ஆர்க்யூ வசதி வழியே கெர்னலை வேண்டுமென்றே ஒருமுறை விழவைத்துப் பாருங்கள். எழுந்ததும் பிஸ்டோர் கோப்பகத்தில் கோப்பு இருக்கும். படித்து, வேறிடத்தில் நகல் எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். அழித்தால் ரேமில் உள்ள அந்த இடமும் துடைக்கப்பட்டுவிடும்.