பெயர் இல்லாத 33,004 பேர்

1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாயாவின் கெடா மாநிலத்தில் வாழ்ந்த இந்தியர்கள் 33,004 பேர். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1911-இல், அந்த எண் 6,074தான். கெடாவின் கூலிம் வட்டாரத்தில் காடு அழிந்து பால்மரம் (ரப்பர்) எழுந்த காலம் அது. அந்த 33,004 பேருக்குள் உங்கள் பூட்டனும் பூட்டியும் இருக்கலாம். ஆனால் அறிக்கையில் பெயர் கிடையாது, கட்டத்துக்குள் எண் மட்டுமே.

1909-இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போனது கெடா. 1911-இல் தலைகளை எண்ணினார்கள். 1921 அறிக்கையை எழுதியவர் ஜே. இ. நாதன். பெயரைப் பார்த்துத் தமிழர் என்று எண்ணிவிட வேண்டாம், அவர் பிரிட்டிஷ் அதிகாரி. 1931-க்குப் பிறகு போர் குறுக்கிட்டதால் அடுத்த கணக்கு 1947-இல்தான் எடுக்கப்பட்டது.

இத்தகைய ஏடுகளை எப்படிக் கணினிக்குள் கொண்டுவருகிறார்கள்? நூறாண்டுத் தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் நொறுங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணமும் கரையானும் வேறு. முதலில் மென்மையான தூரிகையால் தூசி தட்டுவார்கள். புத்தகத்தைத் தட்டையாக விரித்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். அதனால் பாதி திறந்த நிலையில் தாங்கும் தொட்டிலில் கிடத்தி, மேலிருந்து இரண்டு கேமராக்களால் படமெடுக்கிறார்கள்.

படம் எடுத்தால் மட்டும் போதாது. எழுத்துணரி மென்பொருள் அதைப் படித்து, தேடக்கூடிய எண்ணாக மாற்றவேண்டும். இங்கேதான் இடறும். மங்கிய 3 அதன் கண்ணுக்கு 8 ஆகும். 33,004-ஐ 38,004 என்று படித்தால் ஒரே இலக்கத்தில் இல்லாத ஐயாயிரம் பேர் கெடாவுக்குக் குடிவந்துவிடுவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து மொத்தத்துக்குச் சரிவருகிறதா, மாவட்டங்கள் கூடி மாநிலத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பிழையைப் பிடிக்கிறார்கள். அன்று குமாஸ்தா கையால் கூட்டிப் போட்ட கூட்டல்தான் இன்றைக்குக் கணினியைத் திருத்துகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வீட்டுக்கு வீடு நிரப்பிய படிவங்களையே காத்துவைத்த நாடுகளும் உண்டு. அமெரிக்கா 72 ஆண்டு பொறுத்து, 1950-ஆம் ஆண்டுப் படிவங்களை 2022 ஏப்ரல் 1 அன்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. பிரிட்டன் நூறாண்டு காத்திருக்கிறது. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸின் 1931 படிவங்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. வேறு பிரதி இல்லை.

பெயர் உள்ள ஏடுகளில் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. முனியாண்டியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு கிராணி (தோட்ட எழுத்தர்) ‘ஐ’ போட்டு முடிப்பார், இன்னொருவர் ‘ஒய்’ போடுவார். இதற்கு ‘சவுண்டெக்ஸ்’ என்ற பழைய உத்தி கைகொடுக்கிறது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைத் தருவார்கள். முனியாண்டியை இந்த இரண்டில் எப்படி எழுதினாலும் எம்553. ஆனால் வீராசாமியை ஒருவர் ‘வி’யிலும் மற்றவர் ‘டபிள்யூ’விலும் தொடங்கினால் முதல் எழுத்தே மாறி, உத்தி தோற்றுவிடும். தமிழ்ப் பெயர்களுக்கென்று தனி விதி தேவை.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியல் இன்று கணினியில் இருக்கிறது. தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் அதில் உண்டு. டர்பன் தமிழர் அதைப் பார்த்துப் பூர்வீக ஊரைத் தேடிக்கொள்ளலாம். கங்காணியோடு கூலிம் வந்தவர்களுக்கு அச்சில் கிடைப்பது கணக்கெடுப்பின் எண் மட்டுமே. பெயர்களை வேறு ஏடுகளில்தான் தேடவேண்டும்: தோட்டத்துச் செக்ரோல் (வேலையாள் பதிவேடு), தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரிக் கணக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான்.

உங்கள் வீட்டிலோ கோயில் அலமாரியிலோ அப்படி ஒரு ஏடு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கோப்பின் பெயராகவே எழுதி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை மட்டும் பொதுவில் போடவேண்டாம்.