சத்தம் வரும் நேரம் தெரிந்தால்...

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே தெருவில் ஒன்றிரண்டு வெடிகள் கிளம்பிவிடுகின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் பல வீடுகளில் அன்றைக்கே கலக்கம் தொடங்கிவிடும். நாம் திடுக்கிட்டு மறந்துபோகும் ஓசை, அந்தக் குழந்தைகளில் பலருக்கு உடம்பில் அடி விழுந்ததுபோல் வலிக்கும். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிவதை அடம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அடம் அல்ல, வேதனை.

எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் இருப்பது இன்னும் கொடுமை. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டித் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று வெடிக்கும் நேரம் வகுக்கப்பட்டது. காற்று மாசைக் குறைக்க வந்த ஏற்பாடுதான். ஆனால் நேரம் தவறாத நாளை நம்பி வாழும் ஒரு குழந்தைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, வெடிச்சத்தம், இட்லி, சத்தம் முடிந்தது என்று வரிசையாகப் படம் வரைந்து ஒரு வாரம் முன்பே சுவரில் ஒட்டுங்கள். தினமும் விரல் வைத்துக் காட்டுங்கள். காதை மூடும் ஹெட்ஃபோனையும் அப்போதே பழக்குங்கள்.

தெரு ஒத்துழைத்தால்தான் அந்தப் படம் மெய்யாகும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. நாம் கேட்பது அவ்வளவுகூட இல்லை. குறித்த நேரத்தில் மட்டும் வெடியுங்கள் என்று அக்கம்பக்கத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.

புதுச்சட்டையை இரண்டு முறை துவைத்து, கழுத்துப்பட்டியில் உறுத்தும் லேபிளை வெட்டிவிடுங்கள். ஜரிகை வேண்டவே வேண்டாம். பழைய பனியன்தான் பிடிக்கும் என்றால் அதுவே தீபாவளிச் சட்டை. தயிர்சாதம் மட்டும் சாப்பிடுகிற பிள்ளையின் வாயில் லட்டைத் திணிக்க வேண்டாம். கன்னத்தைக் கிள்ளி முத்தம் கேட்கும் சித்தப்பாவிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியது பெற்றோர்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் ஓர் அறையை மட்டும் யாரும் நுழையாமல் விட்டுவையுங்கள்.

எல்லாக் குழந்தைகளும் பயந்து ஒதுங்குவதில்லை. ஒளியைப் பார்த்ததும் நெருப்பை நோக்கி ஓடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களோடு பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். காது கேளாத குழந்தைக்கு ‘தள்ளிப் போ’ என்ற கூவல் எட்டாது. திரி பற்றவைக்கும் முன் தோளைத் தொட்டுக் கைச்சாடை காட்டுங்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் வாசலில் கூடுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. அவளையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். கையில் பிடிமானம் இல்லையென்றால் மத்தாப்பைக் கொடுக்க வேண்டாம். அடுத்தது புஸ்வாணமா, சங்குச்சக்கரமா என்று அவள் சொல்லட்டும், அண்ணன் கொளுத்தட்டும்.