எலிக்குஞ்சு வளர்க்க ஆசையா? முதல் 5 வாரம்தான் எல்லாமே!

காரைக்காலை ஒட்டிய மீனவ கிராமமான கிளிஞ்சல்மேட்டில் எலி என்றால் எதிரி. காயவைத்து மடித்த வலையை ஒரே ராத்திரியில் கடித்துக் குதறிவிட்டுப் போய்விடும். கிழிசலை உட்கார்ந்து கோத்து முடிப்பதற்குள் ஒரு நாள் பிழைப்பு போச்சு. சுற்றியுள்ள டெல்டா வயல்காரர்களைக் கேட்டால் அவர்களின் புகார் இன்னும் நீளம். பிள்ளையார் வாகனம் என்பதற்காகவெல்லாம் யாரும் விட்டுவைப்பதில்லை.

ஆனால், வலைக் குவியலைப் புரட்டும்போது கண் திறக்காத, ரோமம் முளைக்காத ஏழெட்டுக் குஞ்சுகள் ரோஜா நிறத்தில் நெளிவதைப் பார்த்தால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வெள்ளை எலி தோளில் ஏறி விளையாடும் வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள். "இதை நாம வளர்க்கலாமாம்மா?" என்றுதான் கேட்பார்கள்.

வலைக் குவியலில் கிடைக்கிற குஞ்சு வேண்டவே வேண்டாம். வளர்ப்பு எலிக்குஞ்சு என்றால் வளர்க்கலாம். ஆனால், அதற்குக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காட்டு எலி ஏன் கூடாது?

முதல் காரணம், எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் செய்யாது. சிறுநீரோடு வெளியேறி, நம் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே வந்துவிடும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்கே பலரை வாட்டியதும் இதே நோய்தான். அங்கே 'எலிப்பனி' என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் நம் கடலோரத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. குஞ்சு சுத்தமாகவே இருந்தாலும், அது கிடக்கும் கூடு தாய் எலியின் சிறுநீரில் ஊறியதுதான்.

பிள்ளைகள் ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டார்களா? உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை என எது வந்தாலும் டாக்டரிடம் "எலியைத் தொட்டான்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க உதவும்.

இரண்டாவது காரணம், தாயில்லாத எலிக்குஞ்சைப் பிழைக்க வைப்பது மகா கஷ்டம். ராத்திரி பகல் பாராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகப் பால் கொடுக்க வேண்டும். ஈரப் பஞ்சால் வயிற்றின் அடிப்பகுதியைத் தடவிவிட்டால்தான் சிறுநீரே போகும். ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. அத்தனையும் தாண்டிப் பிழைத்தாலும், வளர்ந்த பிறகு அதன் காட்டுக் குணம் தலைகாட்டலாம்.

வளர்ப்பு எலி எங்கிருந்து வந்தது?

கடைகளில் கிடைக்கும் வளர்ப்பு எலி, பழுப்பு எலி இனத்திலிருந்து வந்தது. நம் ஊர்ப் பெருச்சாளி வேறு. 19-ம் நூற்றாண்டு லண்டனில் ஜாக் பிளாக் என்றொருவர் இருந்தார். விக்டோரியா மகாராணிக்கே எலி பிடித்துக் கொடுப்பவன் என்று சொல்லிக்கொண்டவர். பிடித்ததில் விநோத நிறமுள்ளவற்றை மட்டும் கொல்லாமல் வளர்த்து விற்றார். 1901-ல் இங்கிலாந்தில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எலிகளுக்குக் கண்காட்சியில் இடம் கிடைத்தது. சாதுவானதையே தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியதால்தான் இன்றைய வளர்ப்பு எலி கைக்குள் சுருண்டு தூங்குகிறது.

தாயின் நாக்கு, நம் கை

எலிக்குக் கர்ப்பகாலம் சுமார் 3 வாரம். ஒரு பிரசவத்தில் பத்துக் குஞ்சுகள்கூடப் பிறக்கும். ஈன்ற மறுநாளே தாய் மீண்டும் கருத்தரித்துவிடும் என்பதால், பிரசவத்துக்கு முன்பே ஆண் எலியைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். இதை மறந்தவர்கள் வீட்டில் ஒரே மாதத்தில் எத்தனை எலி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள்கள் தாயைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே நல்லது. தண்ணீரும் சத்தான சாப்பாடும் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் தாய் குஞ்சுகளை ஓயாமல் நக்கிக்கொண்டிருக்கும். அது வெறும் சுத்தம் இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வில், தாய் அதிகம் நக்கி வளர்த்த குஞ்சுகள் பெரிதான பிறகும் பதற்றம் குறைவாக இருந்தன.

ஒரு வாரத்தில் ரோமம் முளைக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும். இதுதான் கையைப் பழக்கும் காலம். தினமும் சில நிமிடம், உட்கார்ந்த நிலையில், உள்ளங்கையில் வைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டே இருங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, வால் தோல் உரிந்துவிடும். மூன்றாவது, நான்காவது வாரங்களில் டிவி சத்தம், மிக்ஸி சத்தம், வீட்டுக்கு வரும் புது மனிதர்கள் என ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தலாம்.

மூன்று வாரத்திலேயே தாய்ப்பால் மறக்கத் தொடங்கினாலும் உடனே பிரிக்காதீர்கள். கூடப்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு சண்டை போடும் விளையாட்டில்தான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற பாடமே நடக்கிறது. ஐந்தாவது வாரத்தில் ஆண், பெண் குஞ்சுகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். தாமதித்தால் அவையே குட்டி போடத் தயாராகிவிடும். வாங்குபவர்களும் ஒன்றை மட்டும் வாங்காமல், ஒரே பாலினத்தில் இரண்டாக வாங்குவதே சரி. தனியாக வளரும் எலி ஏங்கிப்போகும்.

எலிக்குச் சிரிப்பும் உண்டு! வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினால் 50,000 ஹெர்ட்ஸில் கிறீச்சிடுவதை ஜாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி 1990-களில் பதிவு செய்தார். நம் காது 20,000-க்கு மேல் கேட்காது என்பதால் அந்தச் சிரிப்பு நமக்குத் தெரியாது. கிச்சுகிச்சு மூட்டிய கையை எலிகள் தேடித் தேடி வந்தன என்பது அந்த ஆய்வின் சுவாரஸ்யம்.

கண்ணிவெடி கண்டுபிடித்த மகாவா

எலிக்குஞ்சைப் பழக்குவதைத் தொழிலாகவே செய்கிறது தான்சானியாவில் இயங்கும் 'அபோபோ' அமைப்பு. சின்ன வயதில் எலி வளர்த்த பெல்ஜியம்காரர் பார்ட் வீட்ஜென்ஸ் தொடங்கியது. அங்கே வளர்ப்பது ஆப்பிரிக்கப் பெரிய பை எலி, வேறு இனம். ஆனால் முறை ஒன்றுதான். கண் திறந்து பால் மறக்கும் பருவத்திலேயே குஞ்சுகளைக் கையில் ஏந்தி, மனிதர்களுக்கும் சத்தங்களுக்கும் பழக்குகிறார்கள். அதன் பிறகே வெடிமருந்து வாசனைப் பயிற்சி. பரிசு, வாழைப்பழமும் வேர்க்கடலையும். அப்படி வளர்ந்த மகாவா என்ற எலி கம்போடியாவில் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது. 2020-ல் பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ அமைப்பு அதற்குத் தங்கப் பதக்கம் அணிவித்தது.

கடலோர வீட்டுக்கு ஏற்ற கூண்டு

எலிக்கு வியர்க்காது. உடல் சூட்டை வால் வழியாகத்தான் வெளியேற்றும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டை வைத்தால் செத்தே போகும். காற்றோட்டமான இடத்தில், நனைத்துக் கவிழ்த்த மண்சட்டியை நுழைவாசலோடு உள்ளே வையுங்கள், குளிர்ச்சியாகப் படுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கான கூண்டில் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

படகு கட்டும் இடத்தில் மரத்தூள் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வந்து பரப்பாதீர்கள். எலிகளுக்கு மூச்சுக்குழாய் மிகவும் பலவீனம். தூசும் கொசுவத்திப் புகையும் சேராது. துண்டு துண்டாகக் கிழித்த காகிதமே போதும். மூச்சில் 'கொர்' சத்தம் கேட்டாலோ, கண்ணிலும் மூக்கிலும் சிவப்பாகக் கசிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோறு, கேழ்வரகு, வேகவைத்த பருப்பு, கீரை, கொஞ்சம் அவித்த முட்டை கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். எலிக்கு வாந்தி எடுக்கவே முடியாது என்பதால் கெட்டுப்போனதைத் தந்தால் வெளியே தள்ள வழியில்லை. வலையைக் காப்பாற்ற வீட்டில் எலி மருந்து வைக்கிறவர்கள், கூண்டைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். காட்டு எலி கூண்டை நெருங்காமலும், வளர்ப்பு எலி தப்பி இறங்கி மருந்தைத் தின்னாமலும் இருக்க அதுதான் வழி.

வாங்குவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வளர்ப்பு எலியின் ஆயுள் 2 முதல் 3 ஆண்டுதான். எட்டாம் வகுப்பில் வாங்கினால், பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் அதற்கு முதுமை வந்துவிடும். அலுத்துப்போனது என்று வயலில் விட்டால், கையில் வளர்ந்த எலிக்கு ஒளியத் தெரியாது. காக்கைக்கோ பூனைக்கோ இரையாகிவிடும்.