கொதிக்கும் எந்திரம்

திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு மட்டுமன்றி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்ற ஊராகும். இவ்வூர் வண்டிகள் வடநாடு வரை சென்று பாறையைத் துளைக்கின்றன. சாலையில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உதவும்; ஒரே இடத்தில் நின்று மணிக்கணக்கில் கம்பிரசரைச் சுழற்றும் எந்திரத்திற்கோ விசிறி ஒன்றே துணை. துளையினின்று பொங்கியெழும் கற்பொடி ரேடியேட்டரின் தகட்டிடுக்குகளில் படிந்துவிட்டால், அத்துணையும் பயனற்றுப் போகும்.

வெப்பங்காட்டும் முள் எல்லையைக் கடந்ததும் எந்திரத்தை நிறுத்தி ஆறவிடல் வேண்டும். பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறப்போர் உளர், அது பெருந்தீங்கு. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகை செல்சியஸைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி தளர்ந்த அக்கணமே அது ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

ஆறிய பின்னரே ஆராய்தல் தகும். நீர் குறைந்திருப்பின் இரப்பர்க் குழாயிலோ நீர் பம்பிலோ கசிவு உண்டா என நோக்குவர். விசிறிப் பெல்ட் தளர்ந்துள்ளதா என்பதையும் காண்பர். நீர் நிறைந்திருந்தும், எந்திரம் சூடேறிய பின்னும் மேற்குழாய் குளிர்ந்தே இருப்பின், தெர்மோஸ்டாட் திறவாமை காரணமாகலாம். நீரில் ஓயாது குமிழி எழுந்து, எண்ணெயும் பால்போல் வெளுத்தால், சிலிண்டர்த் தலையின் கேஸ்கட் பழுதுற்றது எனலாம். அந்நிலையில் மேலும் ஓட்டுவோர் எந்திரத்தையே இழப்பர்.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. தோண்டிய கிணற்றின் நீரையே ரேடியேட்டரில் ஊற்றுவது எளிது. ஆயினும் கடினநீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு நாளடைவில் உள்ளே படிந்து, நுண்குழாய்களை அடைத்துவிடும். ஆதலின் உப்பு நீக்கிய நீருடன் கூலண்ட் கலந்தே ஊற்றுகின்றனர்.