ஒரு மூச்சு, பல குழல்

நம் சங்க விழாவுக்கு வாசிக்க வருகிறவரைப் பற்றி, "அவருக்கு நாகஸ்வரம், புல்லாங்குழல், சாக்ஸபோன் எல்லாமே வரும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எல்லாம் ஊதுவதுதானே, ஒன்று வந்தால் மற்றது தானாக வந்துவிடாதா என்று நினைப்பவர்களும் உண்டு. நான் பாத்திர வியாபாரி. எனக்கு உள்ளது கேள்வி ஞானமும் புத்தகம் புரட்டிய ஞானமும்தான். அந்த அளவில் சொல்கிறேன்: தானாக வராது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் தண்ணுமைக்கு ஒருவர், குழலுக்கு ஒருவர், யாழுக்கு ஒருவர் என்று ஆசிரியர்களைத் தனித்தனியாகவே நிறுத்துகிறார். அரங்கில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும் போகின்றன. குழல்காரர் தடுமாறினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் தடுமாற வேண்டியதுதான்.

மூச்சு ஒன்றுதான், அது போகிற வழி வேறு. புல்லாங்குழலில் சீவாளி கிடையாது. உதட்டைத் தளர்த்தி, துளையின் விளிம்பில் காற்றை மோதவிட வேண்டும். நாகஸ்வரத்திலோ சீவாளியை உதட்டால் அழுத்திப் பிடித்து முழுப் பலத்தோடு ஊத வேண்டும். கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் ஒற்றை நாணல் நாக்கு. (என் கடைச் சரக்கான பித்தளையில் செய்திருந்தாலும் சாக்ஸபோனை மரக்குழல் இனத்தில் சேர்ப்பதற்கு அந்த நாக்குதான் காரணம்.) இரண்டு மணி நேரம் நாகஸ்வரம் வாசித்த உதடு உடனே புல்லாங்குழலுக்குப் பணியாது.

விரல் கணக்கும் மாறும். நாகஸ்வரமும் சாக்ஸபோனும் போகப்போக அகலும் கூம்புக் குழாய்கள். கீழ் ஸட்ஜத்தைப் பிடித்தபடி ஊதும் விதத்தை மாற்றினால் மேல் ஸட்ஜம் பேசும். புல்லாங்குழலும் அப்படியே. கிளாரினெட் ஒரே அகலமுள்ள நேர்க்குழாய், ஒரு முனை நம் வாயால் மூடிக் கிடப்பது. அதில் ஸட்ஜத்திலிருந்து தாவினால் மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் போய் நிற்கும்! அதனால் மேலே ஏற வேறு விரலடைவு பழக வேண்டும்.

இவ்வளவையும் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினார்கள்? கத்ரி கோபால்நாத் (1949-2019) நாகஸ்வரக்காரரின் மகன். முதலில் கற்றதும் அதுவே. மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, சாவி போட்ட அந்தக் கருவியில் கமகம் பேசவைக்கப் பல வருஷம் உழைத்தார். 2008-இல் சங்கீத கலாநிதி பெற்ற ஏ.கே.சி. நடராஜனும் நாகஸ்வரம் பயின்றுதான் கிளாரினெட்டில் புகழ் பெற்றார். இரண்டு பேருக்கும் வேர் ஒன்று. பம்பாய் சினிமா வாத்தியக்காரர் மனோஹரி சிங் (1931-2010) பாதை வேறு. கல்கத்தாவிலிருந்து 1958-இல் வந்தவர். சாக்ஸபோன், புல்லாங்குழல், கிளாரினெட் என்று பாட்டுக்கு வேண்டியதை எடுத்து வாசித்தார். அப்படிப்பட்டவருக்கு ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாதகம் வேண்டும், தினமும்.

ஆனால் நம் கல்யாணங்களில் என்ன நடக்கிறது? காலையில் மணவறையில் நாகஸ்வரம், சாயங்காலம் ரிசப்ஷனில் சாக்ஸபோன், சம்பாவனை மட்டும் ஒரு ஆளுக்கு! மூன்று சரக்கை ஒன்றின் விலைக்கு எந்தக் கடைக்காரரும் கொடுக்கமாட்டார்.

பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாத்தியாருக்கு நாலு வாத்தியம் தெரியும் என்பதற்காக நாலையும் ஒரே வருஷத்தில் கேட்காதீர்கள். முதலில் வாயால் சரளி வரிசை பாடட்டும். பிறகு ஒரே குழல், அதில் கீர்த்தனை தெளிவாக வரும்வரை. இரண்டாவதை எப்போது தொடுவது என்று வாத்தியார் சொல்லட்டும். புல்லாங்குழலில் தொடங்கினால், சின்ன விரலுக்கு எட்டுகிற மேல் சுருதிக் குழலாக வாங்குங்கள். கிளாரினெட் என்றால் பால்பல் விழுந்து முன்பற்கள் நன்றாக முளைக்கும்வரை பொறுங்கள். மேல்பல் ஊதுவாயின் மேல்தான் ஊன்ற வேண்டும்.